அந்தோணியார் படத்துக்குப் பின்னால்

என் கணவரின் சாமான்களைத் திருடி ஒளித்தவள் நான்தான். ஸ்க்ரூடிரைவர், குறடு, ஸ்பேனர், கடைசியாக அந்த டெஸ்ட் பென்... எல்லாம் நான்தான்! இதை ஃபாதரிடம்கூடச் சொன்னதில்லை. ஒவ்வொரு தவக்காலத்திலும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டு, கோபப்பட்டேன், புறம் பேசினேன் என்று சில்லறைப் பாவங்களைக் கொட்டிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு என்னைத் தெரியாது, அதுதான் வசதி.

தீவுப் பக்கம், டத்தோ கிராமாட்டில் எங்களுடையது பழைய வரிசை வீடு. சமையலறையைத் தாண்டினால் தகரக் கூரை போட்ட பின்கட்டு. தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே அவர் அங்கே குடியேறிவிட்டார். அக்கம்பக்கத்துக் காற்றாடி, ரைஸ் குக்கர் எல்லாம் அங்கேதான் வந்து கிடக்கும். பிஸ்கட் டின்களில் திருகாணி, மேசைக்கடியில் ஒயர், நாற்காலிமேல் கழற்றிப் போட்ட மோட்டார்... கால் வைக்க இடமிருக்காது. நான் அதைக் குப்பைக் கிடங்கு என்பேன். அவரோ கண்ணை மூடிக் கையை நீட்டினால் வேண்டிய சாமான் கைக்கு வரும். அந்தக் குப்பை முழுவதும் அவருக்கு மனப்பாடம்.

எனக்கு? மகள் கல்யாணமாகி அக்கரையில் செபராங் ஜெயாவுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை கடல் பாலத்தைத் தாண்டி வந்தால் உண்டு. மற்ற நாளெல்லாம் வீட்டில் பேச்சு என்பது "சாப்பாடு ஆயிடுச்சா?", "ஆயிடுச்சு" என்பதோடு முடிந்தது. அவர் கெட்டவர் இல்லை. குடித்ததில்லை, கை ஓங்கியதில்லை. நான் இருப்பதை மறந்துபோனார், அவ்வளவே. பத்தடி தூரத்தில் ஒரு மனிதர் இருக்க, நான் ரேடியோவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். தனிமை என்று சொல்லிக்கொள்ளவும் கூச்சம்... புருஷனோடு வாழ்கிறவளுக்கு ஏது தனிமை என்பீர்களே!

முதல் முறை வேண்டுமென்று செய்யவில்லை. நம்புங்கள். வாணலிப் பிடி ஆடியது. அவருடைய ஸ்க்ரூடிரைவரை எடுத்து முடுக்கிவிட்டு, கரண்டிகளோடு போட்டு மறந்துவிட்டேன். மாலையில் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ரீத்தா... என் மஞ்சப் பிடி ஸ்க்ரூடிரைவர பாத்தியா?"

என் பெயர்! அதை அவர் வாயால் கேட்டு எத்தனை நாளாயிற்று!

"அங்கதான் இருக்கும்லா. நல்லா தேடுங்க" என்று நானும் கூடப் போனேன். தோள் உரச, டின் டின்னாகக் கவிழ்த்தோம். கிடைக்கவில்லை. காணாமற்போனதைத் தேடித் தருகிறவர் அந்தோணியார் அல்லவா? கூடத்தில் அந்தப் புனிதர் படத்தின் முன் மெழுகுவத்தி ஏற்றி இருவரும் ஜெபித்தோம். பிறகு குழம்பு கிளறக் கரண்டி எடுக்கப்போனேன். கையில் ஸ்க்ரூடிரைவர் வந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். சமையலறையிலேயே உட்கார்ந்து, பால் விடாத தே ஓ கோப்பை காலியாகும்வரை பழைய கதையெல்லாம் பேசினார்.

அந்த ஒரு கோப்பைக்காகத்தான்... அதன் பிறகு நடந்ததெல்லாம்.

வாரத்துக்கு ஒன்று. குறடு அரிசி டின்னுக்குள் போயிற்று. ஸ்பேனர் தையல் மெஷின் இழுப்பறைக்குள். அவர் கூப்பிடுவார், சேர்ந்து தேடுவோம், மெழுகுவத்தி ஏற்றுவோம், மறுநாள் நான் கண்டெடுப்பேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினேன். புனிதரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன்! வெட்கமாக இல்லையா என்கிறீர்களா? சந்தோஷமாக இருந்தது. அதுதான் உண்மை.

அவர் சிரிப்பு குறைந்துகொண்டே வந்ததைக் கவனித்தேனா? கவனித்தேன். சாமானைக் கீழே வைக்கும்போதெல்லாம், "குறடு இங்க, வலது பக்கம்" என்று உரக்கச் சொல்லிக்கொள்ளத் தொடங்கினார். கண்ணை மூடிக் கை நீட்டுவதை விட்டுவிட்டார். அதையும் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தினேனா?

டெஸ்ட் பென்னை எடுத்தேன்! ஒயரில் கரண்ட் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்கும் அந்தச் சின்னப் பொருள், அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சட்டைப் பையில் இருப்பது. துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து உருவி, அந்தோணியார் படத்துக்குப் பின்னால் செருகினேன். பக்கத்து வீட்டு மாலாவின் காற்றாடி அப்போது பாதி பிரித்துக் கிடந்தது.

மூன்று நாள் தேடினார். மூன்று நாளும் என் கூடவே இருந்தார்... அதனால்தான் கொடுக்கத் தள்ளிப் போட்டேன். நான்காம் நாள் காலை பார்த்தால், காற்றாடியைப் பழையபடி மூட்டி மாலா வீட்டு வாசலில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

"ஆயிடுச்சா அண்ணே?" என்றாள் மாலா.

"இல்லம்மா. வேற ஆளுகிட்ட குடு. பையில வச்சதே எங்கன்னு தெரியாதவன் கரண்ட்டுல கை வைக்கக்கூடாது."

மகள் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். வயதுக்கு ஞாபகம் நன்றாகவே இருக்கிறது என்றார் டாக்டர். இவர் நம்பவில்லை. "டாக்டரா வந்து என் சாமான தேடறாரு?" என்றார். அடுத்த ஞாயிறே கருவி முழுவதையும் மருமகன் காரில் ஏற்றிவிட்டார். பின்கட்டு துடைத்துவிட்டதுபோல் இருக்கிறது. என் வாஷிங் மெஷின் அங்கே நிற்கிறது.

இப்போது நாள் முழுவதும் என் பெயர்தான். "ரீத்தா, கேஸ் மூடினேனா?" "ரீத்தா, வாசக் கேட்ட பூட்டினேனா?" காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனால் பையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருகிறார். கேட்டது கிடைத்துவிட்டது எனக்கு!

ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் பழைய மனிதராகிவிடுவார். தெரியும். ஆனால் மறுபடி அந்தப் பின்கட்டுக்குப் போய்விடுவார்... இம்முறை என்னை வெறுத்துக்கொண்டு. புருஷன் குணமாகிவிடுவானோ என்று பயப்படுகிற பெண்டாட்டியை நீங்கள் எங்காவது கண்டதுண்டா?

அந்தோணியாருக்கு உகந்த செவ்வாய்க்கிழமைதோறும் மெழுகுவத்தியை அவரே ஏற்றுகிறார். டெஸ்ட் பென்னைக் கேட்பதில்லை. "அந்தோணியாரே, என் ஞாபகத்த திருப்பிக் குடுங்க" என்கிறார். பக்கத்தில் நின்று நான் ஆமென் சொல்கிறேன்.

நேற்று ஜெபம் முடிந்தும் அவர் நகரவில்லை. படத்தையே உற்றுப் பார்த்தார். டெஸ்ட் பென் செருகிய ஓரம் சுவரைவிட்டுத் தூக்கிக்கொண்டு நின்றது. கை மெல்ல மேலே போயிற்று. எடுங்கள், எடுத்துவிடுங்கள் என்று என் மனம் அடித்துக்கொண்டது!

கை பாதியில் நின்றது. என் பக்கம் திரும்பினார்.

"படம் சாஞ்சிருக்கா ரீத்தா? இல்ல, எனக்குத்தான் அப்படித் தெரியுதா?"

"நேராத்தான் இருக்குங்க" என்றேன்.