இருபத்திரண்டு நாள் பட்டினி கிடந்த சிலந்தி

மருதமுனை மீராமுகைதீனிடம் போய் அந்தச் சிலந்திக் கதையைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஊரிடம் கேட்டால் கண், காது, மூக்கெல்லாம் வைத்துச் சொல்லும். ஆகையால் நடந்ததை நடந்தபடி இங்கே சொல்லிவிடுகிறேன்.

மனிசன் முப்பத்தொரு வருசம் மலேரியாவுக்கு மருந்தடித்தவர். முதுகில் டாங்கி, கையில் குழல். இந்தக் கரையில் அவர் நுழையாத ஊடு இல்லை. நுளம்புக்கென்று அடித்த மருந்தில் கரப்பானும் சிலந்தியும் சேர்ந்தே செத்தன, அப்போது அவருக்கு அது ஒரு விசயமாகவே படவில்லை. பென்சன் எடுத்து ஊட்டில் குந்திய பிறகுதான் மனசு அரிக்கத் தொடங்கியது. குந்திய ஊடும் அவருடையதல்ல, மனைவி சபூறாவுக்குச் சீதனமாக வந்தது. எது எங்கே இருக்க வேண்டுமென்று சபூறாதான் சொல்லுவா. எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்காமல் ஏச்சு வாங்குவது இவருடைய வேலை.

ஒருநாள் வாங்கிப் போட்ட விறகில் ஒரு பொந்து. பொந்துக்குள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மயிர்ச் சிலந்தி. மீராமுகைதீனின் கை பழக்கத்தில் செருப்புக்குப் போனது.

"சிலந்திய அடிக்கப்படா. குகை வாசல்ல வலை கட்டி நபி றசூலுல்லாவக் காப்பாத்தின சாதி. எங்கயாச்சும் கொண்டு விட்டுட்டு வாங்க" என்றா சபூறா.

விடத்தான் போனார். போனவர் கொல்லைப்புறத்தில் கிடந்த பழைய மீன் தொட்டிக்குள் விட்டார். வாழ்நாளெல்லாம் கொன்ற கையால் ஒரு உயிரையாவது வளர்த்துக் காட்ட வேண்டும் என்று திடீரென்று ஒரு வீம்பு. வளர்ப்பதற்கு அவருக்கு ஆடு கிடைக்கவில்லை, கோழி கிடைக்கவில்லை, இதுதான் கிடைத்தது.

சிலந்தி சாப்பிடவில்லை. முதல் நாள் வெட்டுக்கிளி பிடித்துப் போட்டார், அது சிலந்தியின் முதுகில் ஏறி உட்கார்ந்தது. காய்ந்த கூனி இறால் போட்டார், எறும்பு வந்தது. கரப்பான் பிடிக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஊடெல்லாம் தேடினார். அவருடைய ஊட்டில் எங்கே இருக்கப் போகிறது, மிஞ்சின மருந்தையெல்லாம் அங்கேதானே அடித்து முடித்தார். பக்கத்து ஊட்டு ஹப்ஸாவிடம் போய், "புள்ள, உங்கட குசினில உசிரோட கரப்பான் ஒண்டு இரிந்தாத் தாங்களன்" என்று கேட்டார். குசினியைக் கண்ணாடி மாதிரி வைத்திருக்கிற பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? ஹப்ஸா இரண்டு கிழமை சபூறாவோடு கதைக்கவில்லை.

இதில் பெரிய கூத்து, தேத்தண்ணிக் கடையில் அவர் விட்ட கதை. "என்ன மச்சான், உன்ட புள்ள சாப்பிடுதா?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "ஓம், எருமைக் கண்டு மாதிரித் தின்னுது" என்றார். தின்னவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கடையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற மர்சூக் சேரும் தினம் உட்கார்ந்திருப்பார். அவரிடமும் அதே எருமைக் கன்றுக் கதைதான்.

இருபத்திரண்டாம் நாள் விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து தொட்டியைப் பார்த்தார். சிலந்தி மல்லாக்கக் கிடந்தது. ஊதினார், அசையவில்லை. தட்டினார், அசையவில்லை. ஒரு பூச்சிக்காகக் கண் கலங்குவது வெட்கமாக இருந்தது, ஆனாலும் கலங்கியது. மருந்தடித்தும் சாகடித்தார், சோறு போட்டும் சாகடித்தார். அவருடைய கையே அப்படி.

மையத்தை ஊட்டில் வைத்துக்கொண்டு அடக்கச் சுணங்கப்படாது என்பது ஊறிப்போன பழக்கம். பத்து மணிக்கு முன்னமே முருங்கை மரத்தடியில் குழி வெட்டிவிட்டார். ஓதவெல்லாம் இல்லை, அந்தளவுக்குப் புத்தி பிசகவில்லை. ஆனால் உடம்பில் நேரே மண் விழுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. மனிசரை அடக்கும்போது பலகை அடுக்குகிற மாதிரி விறகுச் சிராய்களைக் குறுக்கே அடுக்கி, அதற்கு மேலே மண்ணை இழுத்து மூடினார்.

மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்து பள்ளி வாசலில் மர்சூக் சேரைக் கண்டார். அன்றைக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை.

"மௌத்தாப் போச்சி சேர். இருபத்திரண்டு நாளா ஒண்டும் தின்னல்ல."

"தின்னல்லையா? எருமைக் கண்டு எண்டீங்க?"

"சும்மா சொன்னன்."

"எப்பிடிக் கிடந்த?"

"மல்லாக்கா."

மர்சூக் சேர் தலையில் கைவைத்தார். "செத்த சிலந்தி காலச் சுருட்டிக்கிட்டுக் குப்புறக் கிடக்கும். இது தோல் கழட்டுது மீராமுகைதீன் காக்கா. அதுக்கு முன்னால மாசக் கணக்குலயும் தின்னாது. ஒரு வார்த்த என்னக்கிட்டச் சொல்லியிரிந்தா..."

மீதியைக் கேட்க மீராமுகைதீன் அங்கே இல்லை. அறுபத்திரண்டு வயசு, ஒரு கையில் தூக்கிப் பிடித்த சாரம், மற்றக் கையில் தொப்பி, பிரதான வீதியில் ஓட்டம். செருப்பு பள்ளியிலேயே நின்றுவிட்டது. உயிரோடு புதைத்துவிட்டேனே என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் அவர் தலையில் இல்லை.

விரலால்தான் மண்ணைக் கிளறினார். மண்ணின் பாரத்தைச் சிராய்கள் தாங்கியிருந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கினார். கீழே ஒரு கை அகல இடைவெளி, அதற்குள் பழைய தோல் ஒரு பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் வெளிறிப்போன நிறத்தில், ஈரம் காயாத புதுச் சிலந்தி. ஒரு காலை மெல்ல நீட்டியது. பிறகு இன்னொன்றை.

அல்ஹம்துலில்லாஹ் என்று அப்படியே மண்ணில் குந்திவிட்டார். கோழி வந்தது, துரத்தினார். வெயில் வந்தது, குடையைப் பிடித்தார். தொட்டுப் பார்க்கக் கை துடித்தது, அடக்கிக்கொண்டார். கூனி, வெட்டுக்கிளி, ஹப்ஸாவின் கோபம் எல்லாவற்றையும் அப்போது யோசித்தார். இந்த இருபத்திரண்டு நாளும் அதற்கு அவர் தேவைப்படவே இல்லை. அவருக்குத்தான் அது தேவைப்பட்டிருக்கிறது. நினைக்கச் சிரிப்பாகத்தான் இருந்தது.

குசினி வாசலில் நின்று சபூறா பார்த்தா.

"இப்ப என்ன செய்யிது அது?"

"சும்மா இரிக்கி."

"அப்ப நீங்களும் அதுக்குப் பக்கத்துல கொஞ்சம் சும்மா இரிங்க" என்று சொல்லி, அவருக்கு ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டா.