பன்னிரண்டு வோல்ட்டில் பற்றாக்குறை

2004 மே மாதம் 8ஆம் தேதி, சனிக்கிழமை, காலை பதினொன்று இருபது. வானம் மூடிக் கிடந்தது; மழையும் இல்லை, காற்றும் இல்லை. எஸ்.பி. ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையின் முன்னால், சட்டை முதுகில் ஒட்ட, நானும் மகளும் நின்றிருந்தோம்.

மகள் அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் கம்பெனியில் இருந்தாள். இரவு ஷிப்ட். அந்த வருடம் ஜனவரியில் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்துவிட்டது. இரண்டு மணிக்கொரு முறை அவளைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். எழுபது வயதில் என்னால் தனியாக முடியவில்லை. அவள் முதுகில் புண் வரத் தொடங்கியிருந்தது. மகள் மேலதிகாரியிடம் அழுது கேட்டதில், வீட்டிலிருந்தே, பகல் நேரத்திலேயே வேலை செய்யலாம் என்று இறங்கி வந்தார்கள். நிபந்தனை இரண்டு: பெண்டியம் 4 கம்ப்யூட்டர் வேண்டும், இரண்டு வாரச் சோதனையில் ஒரு நாள் வேலைகூடத் தாமதமாகக் கூடாது.

வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதன் பெட்டியை வைத்துக்கொண்டு, உள்ளே போர்டு, பிராசஸர், மெமரி மட்டும் புதிதாகப் போடுவது என்று முடிவு செய்திருந்தேன். மிஞ்சிய கேள்வி எஸ்.எம்.பி.எஸ். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைப் பல வோல்ட்டுகளாகப் பிரித்து ஒவ்வொரு பாகத்துக்கும் அனுப்பும் சின்னத் தகரப் பெட்டி அது.

"பழைய டப்பா தாங்காது சார்," என்றார் கடைக்காரர். "புதுசு ஆயிரத்தி நானூத்தம்பது. அதுவும் போட்டுடுங்க."

"முன்னூறு வாட்ஸ்னு அதுல போட்டிருக்கே. நான் ஒவ்வொண்ணா கூட்டிப் பார்த்தேன். பிராசஸர் எண்பத்திரண்டு, போர்டும் மெமரியும் நாற்பத்தஞ்சு... எல்லாம் சேர்ந்து நூத்தித் தொண்ணூத்தஞ்சுதான். நூத்தஞ்சு மிச்சம்."

"கூட்டியே பாத்துட்டீங்களா! இன்னா சார், மார்க்கெட்டுக்குப் பைசா எடுத்துட்டு வருவாங்க, நீங்க வாட்ஸ் எண்ணினு வந்துருக்கீங்க."

"ஏன் தாங்காது, அதைச் சொல்லுங்க."

"ஏன்னு எனக்கு இன்னா தெரியும்? தாங்காது, அவ்ளோதான். நிறைய திரும்பி வருது."

"அப்பா, அவர் சொல்றதையே வாங்கிடலாமே," என்றாள் மகள்.

கருவூலத்தில் முப்பத்து மூன்று வருடம் உட்கார்ந்தவன் நான். காரணம் எழுதாத செலவை ஒருமுறைகூட அனுமதித்ததில்லை. வேண்டாம் என்றேன்.

"சரி, சும்னே ஜகளா எதுக்கு? சண்டை வேணாம் சார். புது போர்டுல நாலு பின் சொருகணும், பழசுல அது கெடையாது. நாப்பது ரூபா கன்வர்ட்டர் தர்றேன். அப்புறம் வந்து என்னெ பிடிச்சுக்காதீங்க."

திங்கட்கிழமை சோதனை தொடங்கியது. ஒக்கலிபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும். சத்தம் காதில் விழாதிருக்க மகள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேலை செய்தாள். நடுவில் எழுந்துபோய் அம்மாவைப் புரட்டிவிட்டு வந்து உட்காருவாள். அந்த ஒரு நாள் வீட்டில் நிம்மதி இருந்தது.

செவ்வாய் மாலை திரை கறுத்து, கம்ப்யூட்டர் தானாக மறுபடி தொடங்கியது. புதன்கிழமை மூன்று முறை. தெருவில் வரும் கரண்ட்தான் சரியில்லை என்று முடிவுகட்டி யு.பி.எஸ். வாங்கிவந்தேன். அப்படியும் நிற்கவில்லை. வைரஸாக இருக்கும் என்று ஒருவரை வரவழைத்து முழுக்கச் சுத்தம் செய்ய வைத்தேன். அடித்ததையே திரும்ப அடித்து, சாப்பிடாமல் உட்கார்ந்து, மகள் எப்படியோ கெடு தவறாமல் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது புதன்கிழமை பிற்பகல், பழைய கோப்பு ஒன்றைத் தேடி அவள் சி.டி.யை உள்ளே தள்ளினாள். படக்கென்று ஒரு சத்தம். பெட்டியின் பின்னாலிருந்து கருகிய நாற்றம் வந்தது.

"அப்பா, ஆஃப் ஆயிடுச்சு. இந்தத் தடவை திரும்ப வரலை."

போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து போயிருந்தன. அன்றைய பதினோரு கோப்புகள் போய்ச் சேரவில்லை. மறுநாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. திங்கள் முதல் ஆபீசில் இரவு ஷிப்ட். மகள் "ஓகே சார்" என்று மட்டும் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை. எழுந்துபோய் அம்மாவின் முதுகுக்குப் பவுடர் போட்டாள்.

நான் எரிந்த தகரப் பெட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு லேபிளைப் படித்தேன். முன்னூறு என்ற பெரிய எழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் வரிகள் இருந்தன. ஐந்து வோல்ட், முப்பது ஆம்பியர். பன்னிரண்டு வோல்ட், பத்து ஆம்பியர். அதாவது பன்னிரண்டு வோல்ட்டில் அது கொடுக்கக்கூடியது நூற்று இருபது வாட்ஸ்தான். புது பிராசஸர், டிஸ்க், சி.டி., விசிறி எல்லாம் அந்த ஒரு வரியிலிருந்தே இழுத்தன. கூட்டினேன். நூற்று முப்பது. ஐந்து வோல்ட்டில் இருந்த நூற்றைம்பது வாட்ஸில் பாதிக்கு மேல் கேட்பாரில்லாமல் கிடந்தது.

கருவூலத்தில், ஒரு தலைப்பில் ஒதுக்கிய பணத்தை இன்னொரு தலைப்பில் செலவு செய்ய முடியாது. மொத்தத்தில் மிச்சம் இருக்கிறதே என்று கெஞ்சி வந்த எத்தனையோ அதிகாரிகளின் பில்லைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சம்பளத் தலைப்பில் லட்சம் கிடந்தாலும் மருந்துத் தலைப்பில் இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்கு மருந்து கிடையாது. அதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தக் கட்டடத்தில் இல்லை. வீட்டில் மொத்தத்தை மட்டும் பார்த்தேன்.

கட்டிலிலிருந்து மனைவி, வாய் கோணிய குழறலில் கேட்டாள்: "உங்க கூட்டல்... சரியாத்தானே இருந்துது?"

"சரியாத்தான் இருந்துது," என்றேன்.

புது எஸ்.எம்.பி.எஸ்., போர்டு, டிஸ்க் எல்லாம் வாங்கிப் போட்டேன். கம்ப்யூட்டர் பிறகு ஒருநாளும் நிற்கவில்லை. கம்பெனிதான் வீட்டு வேலையை மறுபடி தரவில்லை. ராத்திரிக்கு ஒரு ஆயா வைத்தோம். அவள் நல்லவள்தான், ஆனால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். புண் ஆறவில்லை. முப்பத்தொரு மாதம் கழித்து, 2006 டிசம்பரில், மகள் ஷிப்டில் இருந்தபோது மனைவி போய்விட்டாள்.

கன்வர்ட்டர், யு.பி.எஸ்., சுத்தம் செய்த கூலி, போர்டு, டிஸ்க், எஸ்.எம்.பி.எஸ். எல்லாமாகப் பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. ஆயாவுக்கு மாதம் இரண்டாயிரத்து ஐநூறு வீதம் எழுபத்தேழாயிரத்து ஐநூறு. ஆக மொத்தம் எண்பத்தொன்பதாயிரத்து நானூற்று நாற்பது ரூபாய்.