பிரம்மாவுக்கு வயது என்ன?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கராஜுக்குள் உட்கார்ந்து, உலகம் எப்போது தொடங்கியது என்று விசாரித்துக்கொண்டிருந்தோம். சிரிக்காதீர்கள். மொன்றியலில் வீடு குடிபூரல், அதாவது புதுமனை புகுவிழா, என்றால் ஓமம் கராஜில்தான். வீட்டுக்குள் வளர்த்தால் புகை அலாரம் அலறும், தீயணைப்பு வண்டி வாசலுக்கு வந்துவிடும். ஐயரும் தீயணைப்பு வீரரும் ஒருவரை ஒருவர் திகைத்துப் பார்த்துக்கொண்டு நின்றதை என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன்.

வீடு கர்க்லாண்டில். வாங்கியது யாழினி, என் சிநேகிதி ரதியின் ஒரே மகள். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கல்லூரி மாணவர்களுக்கு வானியல் படிப்பிக்கிறாள். கணவன் எத்தியேன் கியூபெக்காரன். மாமியாருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்கும் மருமகன்!

ரதியும் அங்கேயே குடிவர வேண்டும் என்பதுதான் திட்டம். இப்போது அவள் தனியாக இருப்பது வில்லரேயில், மூன்றாம் மாடியில். இரும்புப் படிக்கட்டு, அதுவும் வெளியே. போன குளிர்காலம் பனி உறைந்த படியில் சறுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு தப்பியதே பெரிய காரியம். இன்னொரு குளிர்காலம் அந்தப் படியில் அவளை விட எங்கள் யாருக்கும் மனமில்லை.

ஆனால் பிடிவாதத்தில் தாய்க்கு மகள் சளைத்தவள் அல்ல.

“சங்கல்பம் சொல்லாத வீட்டுக்குள்ள நான் கால் வைக்க மாட்டன்” என்றாள் ரதி. பூசைக்கு முன் ஐயர் சொல்லச் சொல்ல வீட்டுக்காரர் திருப்பிச் சொல்வதுதான் சங்கல்பம்.

“நம்பாத ஒண்டை நான் வாயால சொல்ல மாட்டன்” என்றாள் யாழினி.

சமாதானத் தூது? வேறு யார்... நான்தான்.

“கண்ணை மூடிக்கொண்டு நாலு வரி சொல்லிவிடு பிள்ளை, அம்மாவுக்காக” என்று போனில் கெஞ்சினேன்.

“அன்ரி, வகுப்பில எப்பவும் ஒரு பிள்ளையாவது கேக்கும், இதையெல்லாம் ஆர் படைச்சது எண்டு. கடவுள் இல்லையெண்டும் நான் சொல்லுறேல்ல, இருக்கிறாரெண்டும் சொல்லுறேல்ல. தெரியாது எண்டுதான் சொல்லுறனான். வகுப்பில ஒரு கதை, வீட்டில ஒரு கதையோ?”

எனக்குக் கோபம் வந்தது. போனை வைத்த பிறகு கோபம் போய் மரியாதை வந்தது. அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது நாம் என்றைக்காவது இப்படி ஒரு கணம் யோசித்திருக்கிறோமா?

ஞாயிறு வந்தது. கராஜ் கதவைப் பாதி உயர்த்திவிட்டு ஐயர் தீ மூட்டினார். ரதி என் பக்கத்தில் மடக்குக் கதிரையில் இருந்தாள். கராஜ் வீடு ஆகாது, ஆகவே அங்கே இருக்கலாம் — இது அவளே போட்ட சட்டம். சமையலறைக்குப் போகும் கதவை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

ஐயர் சங்கல்பத்தைத் துண்டு துண்டாகச் சொல்ல, எத்தியேன் வேட்டியோடு கணீரென்று திருப்பிச் சொன்னான். அர்த்தம் தெரியாதவனுக்குச் சிக்கலே இல்லை! யாழினி வாய் திறக்கவில்லை. ரதியின் கை என் கையை இறுக்கியது.

“ஐயா, குறை நினைக்காதேங்கோ... இதில என்ன சொல்லுறியள்?” என்றாள் யாழினி.

மனிதர் எழுந்து போய்விட்டால்?

ஐயர் எழவில்லை. “நேரமும் இடமும் சொல்லுறம் பிள்ளை. பிரம்மாவின்ர ஆயுளில பாதி முடிஞ்சு, மற்றப் பாதி நடக்குது. அதில இந்தக் கல்பம், இந்த யுகம், இந்த வருஷம், இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. பேந்து இடம். நாடு, மொன்றியல், கர்க்லாண்ட். கடைசியா உங்கட பேர்.”

“பிரம்மாவுக்கும் வயசு இருக்கோ?”

“ஓம். அவருக்கும் முடிவு இருக்கு. பேந்து இன்னொரு பிரம்மா.”

“அப்ப முதலாவது பிரம்மா?”

ஐயர் நெய்க்கரண்டியைக் கீழே வைத்தார். “அது எனக்குத் தெரியாது பிள்ளை.”

யாழினியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

“எங்களுக்கும் அந்த இடத்திலதான் ஐயா இடறுது. ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கோடி வருஷம் பின்னால போகலாம். எல்லாம் ஒரே சூடு, ஒரே நெருக்கம். அதுக்கும் அங்கால எங்கட கணக்குக் குழம்பிப் போகுது.”

“சரி, ரெண்டு பேருக்கும் தெரியாது” என்றாள் ரதி. அன்று காலையிலிருந்து அவள் மகளோடு பேசிய முதல் பேச்சு அதுதான். “நேரமும் இடமும் சொல்லுறதில என்ன பொய் பிள்ளை?”

யாழினி தாயைப் பார்த்தாள். “பொய் இல்லை அம்மா.” பிறகு ஐயரிடம் திரும்பினாள். “ஐயா, உங்கட கணக்கை நீங்கள் சொல்லுங்கோ. என்ர கணக்கில நான் சொல்லலாமோ?”

“தாராளமாச் சொல்லுங்கோ. அக்கினிக்கு ரெண்டும் விளங்கும்.”

அவள் கையில் அட்சதையோடு தமிழில் சொன்னாள். “வெளி விரியத் தொடங்கி ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கோடி வருஷத்துக்குப் பிறகு, சூரியனுக்கு மூண்டாவது கோளில, மொன்றியல் தீவில, கர்க்லாண்டில... ரதியின்ர மகள் யாழினி இந்த வீட்டுக்குக் குடிவாறன்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகையால் அல்ல.

யோசித்துப் பாருங்கள். பால் காய்ச்சப் போகிற ஒருவரை நிறுத்தி, முதலில் படைத்தவனுக்கு எத்தனை வயது என்று சொல்லிவிட்டுப் போ என்று சங்கல்பத்தை எழுதிய யாரோ ஒருவருக்கு எந்தக் காலத்திலோ தோன்றியிருக்கிறதே! அதே கேள்வியைத் தொலைநோக்கியோடு துரத்திக்கொண்டு, தெரியாத இடத்தில் ‘தெரியாது’ என்று நிற்கிற இந்தப் பெண்! இரண்டு பேர் மேலும் எனக்கு ஆசை ஆசையாக வந்தது. பூசை நேரத்திலே கைதட்டக் கூடாதே என்று அடக்கிக்கொண்டேன்.

ரதி எழுந்தாள். சேலையை ஒருமுறை உதறிச் சரிசெய்தாள். சமையலறைக் கதவைத் திறந்து வலது காலை உள்ளே வைத்தாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிய, எத்தியேன் துணியோடு ஓடினான்.

சாப்பிடும்போது என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. “அப்ப, படைச்சவர் இருக்கிறாரோ இல்லையோ?”

“தெரியாது அன்ரி” என்று சிரித்தாள் யாழினி.

ரதி கை கழுவிக்கொண்டு வந்தாள்.

“அதை அவள் பிறகு ஆறுதலாக் கண்டுபிடிக்கட்டும். எனக்கு எந்த அறை எண்டு முதல்ல காட்டுங்கோ!”