கொள்ளு சொன்ன ரத்த வகை

உர்சுலா ஓர் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் டெக்னீஷியன். நகரின் வடகோடியில் இருக்கும் மார்சிலிங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருவார். ஒரு சோதனை சரியாக வராவிட்டால் அன்று அவருக்குச் சோறு இறங்காது.

1978இல் ஒரு திங்கட்கிழமை, வேலாயுதம் என்ற கிரேன் ஓட்டுநரின் ரத்தம் அவர் மேசைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஒரு சோதனை 'ஏ' வகை என்றது. மறு சோதனையிலோ அவருடைய ரத்தத் தெளிநீர், வேறொருவரின் 'ஏ' அணுக்களைக் கட்டிகட்டியாகத் திரட்டியது. தன் வகையையே ஒருவர் ரத்தம் எதிர்க்குமா? மூன்று முறை செய்து பார்த்தார். அதே பதில்தான்.

"ஏ2 ஆக இருக்கலாம்," என்றார் தலைமை டாக்டர் தியாகராசா, யாழ்ப்பாணத்துக்காரர். "ஓ ரத்தம் குடுக்கலாம். ஆனா ஏனெண்டு தெரியாமல் நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

சிவப்பணுவின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் நுனியில் உள்ள ஒரு சர்க்கரைதான் 'ஏ' வகையின் அடையாளம். பெரும்பாலான ஏ வகைக்காரர்கள் ஏ1; அவர்களுக்கு அது அடர்த்தி, ஏ2காரர்களுக்குக் குறைவு. அதனால் ஏ2காரர்கள் சிலரின் தெளிநீர், ஏ1 அணுக்களை அந்நியமாக நினைத்து எதிர்க்கும். இரண்டையும் பிரித்துச் சொல்லும் சோதனைத் திரவம் தீர்ந்துபோயிருந்தது. அடுத்த புட்டி கப்பலில் வந்துகொண்டிருந்தது.

காலிப் புட்டியில் ஒரு செடியின் லத்தீன் பெயர் இருந்தது. உர்சுலா புத்தகத்தைப் புரட்டினார். படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். கொள்ளு! அதிலுள்ள ஒரு புரதம் அந்தச் சர்க்கரை நுனியைக் கவ்வி, அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்குமாம்.

மாலையில் பஃப்பளோ ரோட்டில் அஹமது கபீர் மளிகைக் கடைக்குப் போய் அரைக் கிலோ கொள்ளு வாங்கினார். மறுநாள் காலை வீட்டு பிளெண்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"ஆஸ்பத்திரிக்கா கொண்டு போறே?" என்றார் கணவர் அற்புதராஜ்.

"ஆமாங்க. வீட்டுக்கு வேற வாங்கிக்கலாம்லா."

ஊறவைத்த கொள்ளை உப்புக் கரைசலில் அரைத்து, வடித்து, சுழற்றித் தெளியவைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஏ2 ரத்தம் வேண்டுமே என்றதும், டாக்டரே சட்டைக் கையைச் சுருட்டினார். ஆனால் கொள்ளுச் சாறு அவர் அணுக்களையும் திரட்டிவிட்டது.

டாக்டர் முகம் மாறியது. "நான் ஏ2 எண்டு லண்டனில எழுதித் தந்தவங்கள்!"

"நீங்க ஏ2தான் டாக்டர். சாறுதான் ரொம்ப ஸ்ட்ராங்."

இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று நீர்க்கச் செய்துகொண்டே போனார். பதினாறு மடங்கில் ஏ1 அணுக்கள் திரண்டன, டாக்டருடையவை அசையவில்லை. அடுத்து வேலாயுதத்தின் அணுக்களில் ஒரு சொட்டு விட்டு, குழாயை வெளிச்சத்தில் ஆட்டினார். ரத்தம் சீராக, மணலளவு கட்டிகூட இல்லாமல் ஓடியது. ஏ2!

டாக்டர் உடனே கையெழுத்திட்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ரத்தம் ஏற்ற வேண்டிய தேவையே வரவில்லை. இனி ரத்தம் தேவைப்பட்டால் காட்டும்படி, வகை எழுதிய ஓர் அட்டையைக் கொடுக்க உர்சுலா வார்டுக்குப் போய், நடந்ததையும் சொன்னார்.

வேலாயுதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "கொள்ளா? சிரிக்க வைக்காதீங்கம்மா, தையல் வலிக்குது!"

கப்பல் புட்டி மூன்று வாரம் கழித்து வந்தது. உர்சுலா அதையும் தம் கொள்ளுச் சாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தார். ஒரு வித்தியாசமும் இல்லை. அதற்குப் பிறகு அந்த ரத்த வங்கி வெளிநாட்டுப் புட்டிக்கு ஆர்டர் எழுதவில்லை.