மௌன அஞ்சலியில் ஒரு கிளாரினெட்

சரியாகப் பதினொன்று பத்துக்குப் பள்ளி மேடையில் தலைவர் இறந்தார். கடல் கடந்த நாடொன்றில் புரட்சி செய்து பிரதமரானவரின் வாழ்க்கையை ஒன்பதாவது படிக்கும் என் மகள் போட்டிக்காக நாடகமாக எழுதியிருந்தாள். வசனமெல்லாம் அவள் குரலில் கேசட்டில் ஓடியது. அடுத்து இரண்டு நிமிட மௌன அஞ்சலி. அரங்கமே எழுந்து நின்றது.

கேசட்டிலிருந்து கிளாரினெட் கிளம்பியது. மாப்பிள்ளை அழைப்புக்கு வாசிக்கிற துள்ளல். செத்த தலைவரின் வயிறு குலுங்கி, பஞ்சுத் தாடி நழுவியது. நடுவர்களே சிரித்துவிட்டார்கள். மகள் அழுதாள்.

ஆர்.எஸ்.புரத்தில் கேசட் பதிவு செய்து தருபவரின் வேலை அது. ஒல்லியான மனிதர், நாடா சுற்றுகிற பென்சில் எப்போதும் காதில் இருக்கும். கல்யாண பேண்டில் கிளாரினெட் வாசித்தவரை எந்தக் கம்பெனியும் பதிவு செய்யவில்லை. அதனால் யார் கேசட்டில் காலியிடம் இருந்தாலும் தானே வாசித்து நிரப்பிவிடுவார். மகள் கேட்டு வாங்கிய மௌனமும் அவருக்குக் காலியிடமாகவே தெரிந்திருக்கிறது.

பரிசு வேறு பள்ளிக்குப் போனது. வாசலில் மகளைத் தேற்றிக்கொண்டிருந்தபோது கேசட்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க? அது அஞ்சலிங்க!" என்றேன்.

"கேசட்டைச் சும்மா ஓட உடறதுக்கு மனசு வரலீங்க" என்றவர், மகள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங் கண்ணு, வாச்மேன் சொன்னாருங்க. என்ற வாசிப்புக்கு மொத்தச் சனமும் எந்திரிச்சு நின்னுச்சாமே, நெசமுங்களா?"