வலது பக்கத்துச் சட்டி

1934-இல் ஜார்ஜ் டவுன் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே அறையை ஆண்டவர் இராயப்பன். டாக்டர் வெள்ளைக்காரர்தான், ஆனால் யார் எப்படி நிற்பது, எப்போது மூச்சைப் பிடிப்பது என்பதெல்லாம் இராயப்பனின் அதிகாரம். ரப்பர் தோட்டத்திலிருந்து வரும் ஆட்களுக்கு அவர் குரலைக் கேட்டாலே பாதி உயிர் போய்விடும். எட்டு வருஷத்தில் படம் பார்க்கவும் பழகியிருந்தார். அந்தக் கர்வமும் கூடவே வளர்ந்திருந்தது.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானம் படத்தில் இரண்டு கவிழ்த்த சட்டிகள் போல விழும். அடியில் ஈரல் இருப்பதால் வலது சட்டி இடதைவிட ஒரு விரல் உயரம். மூச்சை இழுத்தால் இரண்டும் இறங்கும். இழுக்காவிட்டால் இரண்டும் மேலேயே நிற்கும். இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார்.

அவர் மனைவி மார்த்தாவுக்கு வயிற்றுக்கடுப்பு வந்துபோனதிலிருந்து காய்ச்சலும் வலது விலாவில் வலியும். அவரே கூட்டிவந்து பிளேட்டின் முன் நிறுத்தினார்.

"இழுக்க முடியலீங்க, குத்துது" என்றாள்.

"எல்லாப் பொம்பளையும் இதத்தான் சொல்லுது. இப்ராஹிம் நிக்கிறாருன்னு வெக்கம். இழு லா."

உதவிக்கு நின்ற இப்ராஹிம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மார்த்தா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

படத்தில் வலது சட்டி மூன்று விரல் உயர்ந்திருந்தது. இடது, இறங்க வேண்டிய இடத்துக்கு இறங்கியிருந்தது. தூக்கத்தில் சொல்லக்கூடிய மனுஷனுக்கு விழித்திருந்தபோது அது கண்ணில் படவில்லை. கூட வேலை செய்கிறவர் முன்னால் பெண்டாட்டி மானத்தை வாங்கிவிட்டாளே என்ற எரிச்சல்தான் பெரிதாக இருந்தது.

"ஒய்ஃப் மூச்சு இழுக்கல, டாக்டர். அதான் ஒசந்திருக்கு" என்றார். வாசலில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் வழக்கம்போல அவர் சொன்னதை எடுத்துக்கொண்டு மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா எழுதிக் கொடுத்தார்.

பன்னிரண்டாம் நாள் மார்த்தா பழுப்பு நிறச் சீழாக இருமினாள். டாக்டர் பழைய படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "இடது பக்கம் இறங்கியிருக்கிறதே, இராயப்பன்?" என்று மட்டும் கேட்டார். ஈரலில் கட்டிய சீழ்தான் வலது சட்டியை மேலே தள்ளியிருந்தது. அன்றே ஊசி குத்தி உறிஞ்சியிருக்கலாம். இப்போது உடைந்து நுரையீரலுக்குள் போய்விட்டது.

மாதாகோயில் சாமியார் வந்து கடைசி எண்ணெய்ப் பூசுதல் கொடுத்துவிட்டுப் போன பிறகு மார்த்தா மெதுவாகப் பேசினாள்.

"அன்னிக்கு நான் ஒழுங்கா இழுத்திருந்தா படம் சரியா விழுந்திருக்கும். என்னால உங்களுக்குக் கெட்ட பேரு."

இராயப்பன் அவள் காதருகே குனிந்தார். "படம் சரியாத்தான் விழுந்துச்சு. நீ நல்லாத்தான் இழுத்த. நான்தான் பாக்கல."

"எனக்காகச் சொல்றீங்க" என்றாள்.

அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நம்பாமலே செத்துப்போனாள்.