குதிரை அனுபவம்: உண்டு

எங்கள் இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு மகள் ஒரு குதிரைச் சவாரியைப் பரிசாகத் தந்தாள். டொரோண்டோவிலிருந்து ஒன்றரை மணி நேரம் காரில் போனால் நயாகரா பக்கத்தில் ஒரு பண்ணை. அங்கிருந்து பள்ளத்தாக்கில் இறங்கி, காட்டுக்குள் புகுந்து, திராட்சைத் தோட்டங்கள் வழியாகத் திரும்பி வர வேண்டும். மொத்தம் இரண்டு மணி நேரம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெற்றோருக்குச் சேலையும் மணிக்கூடும் வாங்கித் தருவதில்லை. அனுபவம் வாங்கித் தருகிறார்கள்.

அதற்கு முன் பண்ணையிலிருந்து தொலைபேசிக்கு ஒரு படிவம் வந்தது. உயரம், நிறை, நோய்கள். கடைசிக் கேள்வி, குதிரை ஓடிய அனுபவம் உண்டா? இல்லை, கொஞ்சம், நன்றாக என்று மூன்று பெட்டிகள். நான் தேத்தண்ணீரைக் குடித்தபடியே மூன்றாவது பெட்டியில் சரி போட்டேன்.

இதை விளக்க வேண்டும். கனடாவுக்கு வந்த புதிதில் டொரோண்டோவின் ஸ்காபரோவில், வோபர்ன் பகுதியில், ஒரு வீட்டுக்குக் கீழே பேஸ்மென்டில் ஐந்து பெடியன்கள் ஒன்றாக இருந்தோம். அந்த வீட்டில் ஒரேயொரு சட்டம்தான். படிவத்தில் எக்ஸ்பீரியன்ஸ் என்ற சொல்லைக் கண்டால் உண்டு என்று எழுது. இல்லை என்று எழுதியவனுக்கு இந்த நாட்டில் வேலை கிடைத்ததில்லை. அந்தச் சட்டத்தின்படி நான் பீட்சா போட்டேன், கூரைக்கு ஓடு அடித்தேன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். ஃபோர்க்லிஃப்டை நான் முதன்முதலில் பார்த்தது, அதை ஐந்து வருடம் ஓட்டியவனாக வேலைக்குச் சேர்ந்த அன்று காலையில். அதைப் பொய் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. முப்பது வருடம் கழித்தும் கை அதுபாட்டில் உண்டு என்றே போடுகிறது.

குதிரை விஷயத்தில் எனக்கு ஆதாரமும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சுற்றுலாவாக யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்து நெடுந்தீவுக்குப் போயிருக்கிறேன். அங்கே காட்டுக் குதிரைகள் உண்டு. அதில் ஒன்று என்னுடைய சாப்பாட்டுப் பார்சலைத் தின்றுவிட்டு, என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனது. குதிரையோடு எனக்கு இருந்த மொத்தப் பழக்கமும் அதுதான். ஆனாலும் இங்கே பிறந்தவர்களில் எத்தனை பேருக்கு அது உண்டு?

நிறை என்ற இடத்தில் குடியுரிமை எடுத்த வருடத்து நிறையைப் போட்டேன். பிறகு மனைவியின் படிவத்தையும் நானே நிரப்பினேன். அனுபவம், இல்லை. அவளிடம் கேட்கவில்லை. அவள் மூன்று அடி தள்ளிக் குசினியில் சமைத்துக்கொண்டுதான் நின்றாள்.

அப்போது எங்களுக்குள் பேச்சு வார்த்தை கொஞ்சம் குறைவாக இருந்தது. அவள் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். பதினொரு வருடமாக, கூப்பிட்டால் மட்டும் போகிற வேலை. இப்போது அவர்கள் பிக்கரிங் நகருக்கும் அப்பால் புதிதாகக் கட்டி, மூன்று மாதத்தில் திறக்கப்போகிற இடத்தில் நிரந்தர வேலை தருகிறோம் என்றார்கள். விடிய ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பஸ் எட்டியும் பார்க்காது. சொந்தமாகக் கார் ஓடி வர வேண்டும். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். நாங்கள் குதிரையேறப் போனது அதற்கு முந்திய சனிக்கிழமை.

அவள் போன வருடமே கார் ஓட்ட எழுத்துச் சோதனை பாஸ் பண்ணிவிட்டாள். அந்தக் கடதாசியைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தாள். நான் நல்லது என்று சொல்லிவிட்டு, அதன்மேல் தமிழ்க்கடைக் கலண்டரைக் கொழுவிவிட்டேன். ஓட்டச் சோதனைக்குப் பழக வேண்டுமென்றால் லைசன்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது நான்தான். எனக்கு நேரமில்லை என்று ஒரு வருடமாகச் சொல்லி வந்தேன். உண்மையில் எனக்கு நேரம் இருந்தது. ஹொக்கி விளங்காமலே முழு மட்சும் பார்க்கிறவன் நான்.

பதினாறு வருடத்துக்கு முன் ஒருமுறை பழக்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை, பூட்டிக் கிடந்த ஒரு ஷொப்பிங் மோலின் கார் தரிப்பிடம். ஸ்காபரோவில் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் மனைவிக்குக் கார் பழக்குவது அப்படித்தான். மற்றப் பாதி காசு கொடுத்து வெளியில் பழக்குகிறார்கள், அவர்களுடைய வீடுகளில் சமாதானம் இருக்கிறது. நானோ பேக்கரி லொறி ஓடுகிறவன். என் மனைவிக்கு இன்னொருவன் பழக்குவதா? அவள் பிரேக் எது, அக்சிலேட்டர் எது என்று குனிந்து குனிந்து பார்த்தாள். நான் முதலில் நீர், வாரும் என்று மரியாதையாகத்தான் தொடங்கினேன். கால் மணி நேரத்தில் அது போய்விட்டது. "கீழ பாக்காதை, முன்னுக்குப் பார்" என்று நான் போட்ட சத்தத்தில், கொஞ்சம் தள்ளித் தன் மனைவிக்குப் பழக்கிக்கொண்டிருந்த ஒரு தமிழர் தன் சத்தத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். அவள் காரை நிறுத்தினாள். சாவியை எடுத்து என் மடியில் வைத்தாள். இறங்கிச் சுற்றி வந்து மற்றப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றாள். அன்றிலிருந்து அந்தப் பக்கம்தான். போகிற விருந்துகளிலெல்லாம் நான், அவவுக்குக் கார் எண்டால் பயம் என்று சொல்லி வந்தேன்.

சனிக்கிழமை பண்ணைக்குப் போனோம். வழிகாட்டி அறுபது வயது தாண்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண். படிவங்களைப் பார்த்தார். மனைவிக்கு ஒரு கிழட்டுப் பெட்டைக் குதிரையைக் கொடுத்தார், சாம்பல் நிறம், அரைக்கண் மூடி நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உங்களுக்குத்தான் அனுபவம் இருக்கிறதே என்று ஒரு செம்பட்டைக் குதிரையைக் கொண்டுவந்தார். அது நின்ற இடத்தில் நிற்கவில்லை. நெடுந்தீவில் என் சாப்பாட்டைத் தின்ற குதிரை பார்த்த அதே பார்வையை இதன் கண்ணிலும் கண்டேன்.

ஏறுவதற்கு ஒரு மரப்படி வைத்திருந்தார்கள். மனைவி படியில் ஏறி, வழிகாட்டி சொன்னதுபோல் இடது காலை வைத்து, வலது காலைத் தூக்கிப் போட்டு இருந்துவிட்டாள். அனுபவசாலியான நான் மூன்றாவது முயற்சியில் ஏறினேன். இரண்டாவது முயற்சியில் வயிற்றால் சேணத்தின்மேல் கிடந்து மற்றப் பக்க நிலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

முன்னுக்கு வழிகாட்டி, நடுவில் மனைவி, கடைசியில் நான். அனுபவம் உள்ளவர் பின்னால் தனியாக வரலாம் என்றார். பள்ளத்தாக்கில் இறங்கும்போது என் குதிரை வேகம் பிடித்தது. இறக்கத்தில் லொறி வேகம் பிடித்தால் நான் என்ன செய்வேனோ அதையே செய்தேன், கடிவாளத்தை முழுப்பலத்தோடு பிடித்து இழுத்தேன். குதிரை நின்றது. இன்னும் இழுத்தேன். அது பின்னுக்கு வரத் தொடங்கியது. ரிவர்ஸ் கியர் எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. இழுக்காதீர்கள், கையைத் தளர்த்துங்கள் என்று வழிகாட்டி முன்னாலிருந்து சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

அடியில் ஒரு ஓடை. மனைவியின் குதிரை நனைந்தும் நனையாததுமாக அக்கரைக்குப் போய்விட்டது. என்னுடையது நடுவில் நின்று தண்ணீர் குடித்தது. குடித்து முடிந்ததும் முன்னங்காலால் தண்ணீரை அடித்து விளையாடியது. இடுப்புவரை நனைந்தபடி நான் அதன்மேல் இருந்து, வேண்டுமென்றே நிறுத்தியவன் மாதிரி மரங்களை ரசித்தேன்.

காட்டுக்குள் மானம் மிச்சம் இல்லாமல் போனது. இழுத்த இழுப்பில் எரிச்சல்பட்ட குதிரை பாதையை விட்டு விலகி, தாழ்ந்த மேப்பிள் கிளைகளுக்குக் கீழே புகுந்தது. நான் அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்துப் படுத்தேன். வாய் நிறையப் பிடரி மயிர். அம்மாளாச்சி என்று கத்தியது நான்தான் என்று பிறகு மனைவி சொன்னாள். எனக்கு நினைவில்லை, ஆனால் அந்தக் காட்டில் வேறு யாரும் தமிழர் இருக்கவில்லை.

வழிகாட்டி திரும்பி வந்து என் குதிரையைப் பிடித்தார். கோபம் இல்லை. நீங்கள் இதற்கு முன் எப்போதாவது குதிரையில் ஏறியிருக்கிறீர்களா என்று கேட்டார். மனைவி தன் குதிரையைத் திருப்பி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெடுந்தீவு என் நாக்கு நுனிவரை வந்தது. எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. இல்லை, எனக்குத் தெரியாது என்று சொன்னேன். முப்பது வருடத்தில் இந்த நாட்டில் என் அனுபவம் பற்றிய கேள்விக்கு நான் சொன்ன முதல் இல்லை அதுவாகத்தான் இருக்கும்.

வழிகாட்டி அம்மா வரிசையை மாற்றினார். இனி நான் இவருக்குப் பின்னால் வந்து கவனித்துக்கொள்கிறேன், நீங்கள் முன்னுக்குப் போங்கள் என்று மனைவியிடம் சொன்னார். பெட்டைக் குதிரைக்கு வழி தெரியும், செம்பட்டை அதற்குப் பின்னால் ஒழுங்காக வரும். எனக்குத் தனியாக ஒரு அறிவுரை: நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருங்கள், அது போதும். எனக்குத் தரக்கூடிய வேலைகளில் மிகக் கஷ்டமானது அது.

மரங்கள் முடிந்து திராட்சைத் தோட்டம் வந்தது. இரண்டு பக்கமும் கருநீலக் குலைகள் தொங்கின, நடுவில் புல் பாதை. எனக்கு முன்னால் மனைவியின் முதுகு. இத்தனை வருடத்தில் நான் அவளுக்குப் பின்னால் போனதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கடையிலும் கோயிலிலும் நான்தான் முன்னால் நடப்பேன், அவள் பைகளோடு வருவாள். இப்போது அவள் நிமிர்ந்து இருந்தாள். இரண்டு பாதை பிரிகிற இடத்தில் திரும்பி யாரையும் கேட்கவில்லை, கடிவாளத்தை ஒரு பக்கம் இலேசாகத் தொட்டாள், குதிரை திரும்பியது. இவளையா பயந்தவள் என்று ஊரெல்லாம் சொன்னேன் என்று நினைத்தேன்.

ஒரு வரிசைக்கு அப்பால் திடீரென்று டிராக்டர் ஒன்று உறுமிக் கிளம்பியது. என் குதிரை துள்ளியது. நான் குனிந்து அதன் காலைப் பார்த்தேன், என் காலைப் பார்த்தேன், நிலம் எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். முன்னாலிருந்து அவளுடைய குரல் வந்தது. சத்தம் போடவில்லை, அவசரமும் இல்லை.

"இஞ்சாருங்கோ, கீழ பாக்காதேங்கோ. முன்னுக்குப் பாருங்கோ. என்னைப் பாத்துக்கொண்டு வாங்கோ."

நான் பார்த்தேன். குதிரை அடங்கியது. அதே சொற்கள்தான். பதினாறு வருடத்துக்கு முன் அதை இப்படிச் சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கத்தில் முகம் சுட்டது. நல்ல காலம், அவள் முன்னால் இருந்தாள், பின்னால் இருந்தவருக்கு என் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

பண்ணையில் இறங்கியபோது என் இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று பேசாமல் தனித்தனியே நடந்தன. வழிகாட்டி மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்களுக்கு நல்ல கை, மறுபடியும் வாருங்கள் என்றார். என்னிடம் கவனமாகப் போங்கள் என்றார்.

கார் பக்கத்தில் வந்ததும் நான் வழக்கப்படி ஓட்டுநர் பக்கம் போனேன். அவள் மற்றப் பக்கம் போகாமல் என் பின்னால் நின்றாள்.

"ஹைவே வரும்வரைக்கும் நான் ஓடட்டே?"

இல்லை என்று சொல்ல என்னிடம் ஆறேழு காரணங்கள் எப்போதும் தயாராக இருக்கும். தெரியாத பாதை, பழைய கார், எதிரில் டிராக்டர் வரும். அதையெல்லாம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் காட்டுக்குள் எனக்குத் தெரியாது என்று சொன்னபோது அவள் சிரிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. சிரித்திருக்கலாம், எல்லா உரிமையும் இருந்தது. சாவியைக் கொடுத்தேன். கால் நோகுது என்றேன். அதுவும் இல்லாவிட்டால் நான் நான் இல்லை.

பக்கத்து சீற்றில் ஏறியபோது முழங்கால் முன்னால் முட்டியது. அந்த இருக்கை அவளுடைய அளவுக்கு முன்னுக்குத் தள்ளியிருந்தது. நான் தேர்ந்தெடுத்து வாங்கிய கார், எட்டு வருடமாக நான் ஓடுகிற கார். அந்த சீற்றைப் பின்னுக்குத் தள்ளும் பிடி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவளைக் கேட்டேன். கையைக் கீழே விட்டு முன்பக்கமாகத் தடவிப் பார்க்கச் சொன்னாள்.

கார் மெதுவாகக் கிராமத்து றோட்டில் ஏறியது. அவள் கீழே பார்க்கவில்லை. நான் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அமர்ந்துகொண்டேன், ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு அதுதான் வழி. கொஞ்சத் தூரம் போனதும், "திங்கட்கிழமை வேலைக்கு ஓம் எண்டு சொல்லப்போறன்" என்றாள்.

"சொல்லும்" என்றேன். "பின்னேரத்தில நீர் கார் பழகேக்க நான் பக்கத்தில இருக்கிறன். வாய் திறக்கமாட்டன்."

அவள் அதை நம்பவில்லை என்பது தெரிந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு வளைவு வந்தது. அவள் கொஞ்சம் வேகமாகத் திருப்பினாள், என் வலது கால் தானாகவே நீண்டு, அங்கே இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தது. மிதித்த இடத்தில் ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தேன். அந்த இடத்தில், அவளுடைய சின்னக் காலின் அளவுக்கு, கால்விரிப்பு எட்டு வருடமாக மிதிபட்டு ஏற்கெனவே தேய்ந்து ஓட்டையாகியிருந்தது.